குழியில் இறங்குமுன் ஒரு சான்று

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் பிறந்தோர்க்குத் தோல் பதனிடும் வாடை புதிதன்று. அதற்குப் பழகிவிட்டோம் எனப் பெருமையாகக் கூறுவோரும் உண்டு. பழகிய மூக்கை நம்பிக் கழிவுநீர்க் குழியில் இறங்கலாகாது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

தோலின் முடியைக் களையச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கின்றனர். சுண்ணாம்பின் காரத்தன்மை உள்ளவரை சல்பைடு நீரில் அடங்கிக் கிடக்கும். குரோம் பதனிடலுக்கு முன் தோலை ஊறவைத்த அமிலநீர் அக்குழியில் வந்து கலக்குமாயின், ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு வெளிப்படும். நாட்பட்ட சேற்றிலும் நுண்ணுயிர்களால் அது உண்டாகி அடைபட்டிருக்கும்; கிளறினால் ஒருசேர எழும். காற்றினும் கனமானதாகையால் குழியின் அடியிலேயே தங்கும். சிற்றளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 100 பங்கை எட்டியதும் மூக்கு மரத்துப்போய், நாற்றம் தெரியாமற் போகும். ஆபத்து நீங்கியதென எண்ணும் அவ்வேளையே ஆபத்து முற்றிய வேளை. 1000 பங்கு இருப்பின் ஓரிரு மூச்சிலேயே நினைவு தவறும்.

முதலில் இறங்கியவர் சாய்ந்தால் மேலே நிற்பவர் என்ன செய்வார்? சாய்ந்தவர் தம்பியாகவோ அண்டை வீட்டாராகவோ இருப்பார், உடனே குதித்துவிடுவார். அவரும் சாய, மூன்றாமவர் இறங்குவார். உயிர்காக்கும் இரக்கத்தை நம் மார்க்கம் எத்துணை போற்றுகிறது என்பதை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. எனினும் மூச்சுக்கருவி இல்லாத இரக்கம் இன்னொரு ஜனாஸாவையே கூட்டும்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு இதனை முன்னரே உணர்ந்திருந்தது. நச்சுவாயு இருக்கக்கூடிய தொட்டியிலோ குழியிலோ ஒருவர் இறங்க வேண்டுமாயின், தகுதியுடைய ஒருவர் தாமே சோதித்து எழுத்தில் சான்று தந்திருக்க வேண்டும். அன்றேல் இறங்குபவர் மூச்சுக்கருவி அணிந்து, இடுப்புவாரில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என அது விதித்தது. ‘தாமே சோதித்து’ என்பது ஈண்டுக் கருதத்தக்கது. சான்று என்னும் தமிழ்ச்சொல்லுக்குச் சாட்சி என்றும் பொருளுண்டு. காணாதவன் இட்ட கையொப்பம் சான்றாகாது.

அமெரிக்க நாட்டில் நச்சுப்பொருள் விபத்துக்குச் செல்வோரை ஐந்து படியினராகப் பிரித்துள்ளனர். முதற்படியினர் கண்டறிந்து தெரிவிப்பதோடு நிற்க வேண்டும். இரண்டாம் படியினர் குறைந்தது 8 மணிநேரப் பயிற்சி பெற்றுத் தொலைவிலிருந்தே பரவலைத் தடுப்பர். கசிவை நெருங்கி அடைக்கும் உரிமை மூன்றாம் படியினரான தொழில்நுட்பருக்கே உண்டு. அவர்க்குக் குறைந்தது 24 மணிநேரப் பயிற்சியும், திறமைக்கு வேலையளிப்பவரின் சான்றும், ஆண்டுதோறும் மறுபயிற்சியும் வேண்டும். நம் குழியோரத்தில் நிற்பவர் எல்லாரும் முதற்படியினரே. விலகி நின்று 101இல் தீயணைப்புத் துறையினரை அழைத்தலே அவர் செய்யத்தக்க உதவி.

ஆயின் இதனை யாருக்கு, எம்மொழியில் சொல்வது? 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துப் பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் மேற்கு வங்கத் தொழிலாளர். அது வாயுவால் நேர்ந்ததன்று. எனினும் நம் ஆலைகளில் உழைப்போர் யாவர் என்பதை அது காட்டிற்று. குழியருகே வைக்கும் எச்சரிக்கைப் பலகையில் தமிழோடு வங்க எழுத்தும் இந்தி எழுத்தும் இருத்தல் வேண்டும். தமிழாசிரியனாகிய நான் இதனைத் தயக்கமின்றியே எழுதுகிறேன்.