உலகம் முடியும் தேதியை பைபிளிலிருந்து எப்படி கணக்கு போடுகிறார்கள்? 1844 அக்டோபர் 22-ல் என்ன நடந்தது?

2025 செப்டம்பரில் டிக்டாக், யூடியூப் பக்கம் போனவர்கள் இந்த வீடியோக்களைப் பார்த்திருக்கலாம். செப்டம்பர் 23 அல்லது 24-ல் இயேசு வந்து தன் மக்களை வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்று தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஒரு போதகர் சொன்ன பேட்டி உலகம் முழுக்கப் பரவியது. வேலையை விட்டுவிட்டோம், காரை விற்றுவிட்டோம் என்று சிலர் அழுதபடி வீடியோ போட்டார்கள். இன்னும் சிலர் அதை மீம் ஆக்கிச் சிரித்தார்கள்.

இரண்டு தேதியும் வந்தது, போனது. "காலண்டர் கணக்கு மாறிப்போச்சு, அக்டோபரில் பாருங்க" என்று அடுத்த பேச்சும் கிளம்பியது.

இது சமூக வலைதளம் வந்த பிறகு தொடங்கிய விஷயம் இல்லை. 180 ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் ஒரு விவசாயி போட்ட கணக்கை நம்பி, பல்லாயிரம் பேர் ஒரே நாளில் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். பைபிளிலிருந்து ஒரு தேதி எப்படி பிறக்கிறது, அது பொய்த்தால் நம்பியவர்களுக்கு என்ன ஆகிறது என்பதற்கு அந்தச் சம்பவத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

பைபிள் தேதி சொல்கிறதா?

இயேசு மீண்டும் வருவார், உயிரோடு இருப்பவர்களையும் இறந்தவர்களையும் நியாயந்தீர்ப்பார் என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படை நம்பிக்கை. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என எல்லா சபைகளும் ஏற்பதுதான். ஞாயிறு ஆராதனையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்திலேயே அது இருக்கிறது.

எப்படி வருவார் என்பதில்தான் சபைகள் வேறுபடுகின்றன. முதலில் 'இரகசிய வருகை', பிறகு உபத்திரவ காலம், அந்திக்கிறிஸ்து, அதன்பின் பகிரங்க வருகை, ஆயிரவருட அரசாட்சி என்று வரிசை போட்டுச் சொல்பவர்கள் உண்டு. வெளிப்படுத்தின விசேஷத்தில் வருவதெல்லாம் ரோமப் பேரரசின் துன்புறுத்தலில் தவித்தவர்களுக்காக அடையாள மொழியில் எழுதப்பட்டது, அதை ரயில்வே கால அட்டவணை மாதிரி படிக்கக் கூடாது என்பவர்களும் உண்டு.

தேதி விஷயத்தில் மட்டும் பைபிள் வெளிப்படையாகவே பேசுகிறது. அந்த நாளும் நேரமும் யாருக்கும் தெரியாது, வானதூதர்களுக்குக்கூட தெரியாது என்று இயேசுவே சொன்னதாக மத்தேயு 24:36-ல் வருகிறது. அப்புறம் எப்படி தேதி கண்டுபிடிக்கிறார்கள்?

2300 என்ற எண்

வில்லியம் மில்லர் 1782-ல் பிறந்தவர். நியூயார்க் மாகாணத்தின் லோ ஹாம்ப்டன் என்ற கிராமத்து விவசாயி. 1812-ல் தொடங்கிய பிரிட்டனுக்கு எதிரான போரில் கேப்டனாக இருந்தவர். இளமையில் கடவுள் உலகத்தைப் படைத்ததோடு சரி, அப்புறம் எதிலும் தலையிட மாட்டார் என்ற கொள்கைக்காரர். போர் முடிந்து ஊர் திரும்பியதும் மனம் மாறி பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்தார். பழைய நண்பர்கள் கேலி செய்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே பைபிளை ஆதியாகமம் முதல் வசனம் வசனமாகப் படிக்க ஆரம்பித்தார். விளக்கவுரை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பைபிளும் அதன் சொல்லகராதியும் மட்டும்தான் துணை.

தானியேல் 8:14-ல் நின்றார். 2300 'இராப்பகல்' கழிந்த பிறகு பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்ற பொருளில் வரும் வசனம் அது. மில்லரின் கணக்கு நான்கு படிகளில் ஓடியது.

தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்றால் ஒரு வருஷம். இது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்ததல்ல. எண்ணாகமம் 14:34, எசேக்கியேல் 4:6 ஆகிய இடங்களில் நாளுக்கு வருஷம் என்று வருவதை வைத்து அவருக்கு முன்பே பலர் பயன்படுத்திய முறை. ஆக, 2300 நாள் 2300 வருஷமானது.

எங்கிருந்து எண்ணுவது? தானியேல் 9-ல் வரும் 70 வாரக் கணக்கும் இதுவும் ஒரே புள்ளியில் தொடங்குவதாக எடுத்துக்கொண்டார். எருசலேமைத் திரும்பக் கட்டும் கட்டளையிலிருந்து அந்த 70 வாரம் தொடங்குகிறது. பாரசீக அரசர் அர்தசஷ்டா எஸ்றாவுக்குக் கொடுத்த உத்தரவு கி.மு. 457. அங்கிருந்து 70 வாரம், அதாவது 490 நாள், அதாவது 490 வருஷம் தள்ளினால் இயேசு சிலுவையில் அறையப்பட்ட காலம் வருகிறது. "பாதிக் கணக்கு இவ்வளவு சரியாப் பொருந்துதே, மீதி மட்டும் எப்படித் தப்பாகும்?" என்பதுதான் கேட்டவர்களை மடக்கிய இடம்.

பரிசுத்த ஸ்தலம் என்றால் இந்த பூமி. சுத்திகரிப்பு என்றால் இயேசுவின் வருகையில் பூமி நெருப்பால் தூய்மையாவது.

கடைசிப் படி வெறும் கழித்தல்: 2300-லிருந்து 457 போனால் 1843.

மில்லர் இந்த முடிவுக்கு வந்தது 1818-ல். தன் கணக்கைப் பார்த்து அவரே பயந்துபோனார். 13 ஆண்டுகள் மேடை ஏறவில்லை; 1831-ல்தான் பேசத் தொடங்கினார். அடுத்த வீடியோவுக்குத் தேதி தேடுகிற ஆள் இல்லை அவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

கணக்கு ஊருக்குள் வந்தது

1840 வரை இது கிராமத்துப் பிரசங்கம்தான். போஸ்டன் நகரத்துப் போதகர் ஜோஷுவா ஹைம்ஸ் வந்து சேர்ந்ததும் கதை மாறியது. பத்திரிகைகள் தொடங்கப்பட்டன. தானியேலின் மிருகங்களும் ஆண்டுகளும் வரையப்பட்ட பெரிய விளக்கப்படங்கள் 300 அச்சிடப்பட்டு ஊர் ஊராகப் போயின. ராட்சதக் கூடாரம் போட்டுக் கூட்டங்கள் நடந்தன. அன்றைய வைரல் அது. மில்லரை நம்பியவர்கள் 50,000 முதல் ஒரு லட்சம் பேர் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு.

1843 மார்ச் 21 முதல் 1844 மார்ச் 21-க்குள் என்றுதான் மில்லர் சொல்லியிருந்தார். அதுவும் கடந்தது. கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது: கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1. நடுவில் பூஜ்ஜியம் ஆண்டு கிடையாது. ஆகவே 1843 இல்லை, 1844.

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் சாமுவேல் ஸ்னோ என்பவர் நாளையே குறித்தார். யூதர்களின் பாவநிவாரண நாள் ஏழாம் மாதம் பத்தாம் தேதி. காரைட் யூதப் பிரிவின் காலண்டர்படி அது 1844 அக்டோபர் 22. இந்தத் தேதி காட்டுத்தீயாகப் பரவியது. மில்லரே அக்டோபர் முதல் வாரத்தில்தான் இதை ஏற்றுக்கொண்டார். அதாவது, கடைசியில் தலைவரைக் கூட்டம்தான் இழுத்துக்கொண்டு போனது.

கடன்களை அடைத்தார்கள். பொருட்களைத் தானம் கொடுத்தார்கள். பிலடெல்பியாவில் ராஜாதி ராஜா வரப்போகிறார் என்று அறிவிப்பு ஒட்டி ஒரு கடை மூடப்பட்டது. பல விவசாயிகள் அறுவடைக்கே போகவில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் லியோனார்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் உருளைக்கிழங்கைத் தோண்டாமல் விட்டுவிட்டார். அந்த ஆண்டு நோய் தாக்கியதில் ஊரில் எல்லோரும் முன்கூட்டியே எடுத்து வைத்த கிழங்கு அழுகிப்போக, மண்ணுக்குள் கிடந்த அவருடையது தப்பித்து நல்ல விலைக்குப் போனதாக அட்வென்டிஸ்ட் நூல்கள் பெருமையாகச் சொல்கின்றன. எல்லோருக்கும் அப்படி அமையவில்லை.

வெள்ளை அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு மலையில் நின்றார்கள் என்று ஒரு கதை இன்றும் ஓடுகிறது. அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. கேலிக்காகக் கிளப்பிவிட்டதாகவே தெரிகிறது.

மறுநாள் காலை

22-ம் தேதி நள்ளிரவு தாண்டியது. விடியும்வரை அழுதோம் என்று ஹைரம் எட்சன் பின்னாளில் எழுதிவைத்தார். வரலாற்றில் இதற்குப் பெயரே 'பெரும் ஏமாற்றம்'. சில ஊர்களில் இவர்களின் கூடுகை இடங்கள் தாக்கப்பட்டன. "இன்னும் மேல போகலையா?" என்று தெருவில் போகும்போதெல்லாம் கேட்டார்கள். இதோடு கடை, பயிர், சேமிப்பு போனது வேறு.

பலர் பழைய சபைகளுக்கே திரும்பினார்கள். சிலர் மதத்தையே விட்டார்கள். இன்னும் சிலர் புதுத் தேதி தேடினார்கள். எட்சன் உள்ளிட்ட சிறு குழு வேறு வழியில் போனது: தேதி சரிதான், நடந்த சம்பவத்தைத்தான் தப்பாகப் புரிந்துகொண்டோம். பரிசுத்த ஸ்தலம் என்பது பூமி இல்லை, பரலோகத்தில் இருப்பது. அன்று நியாயத்தீர்ப்பின் விசாரணை அங்கே தொடங்கியது.

கணக்கின் நான்கு படிகளில் மூன்றாவதை மட்டும் மாற்றினார்கள். பரலோகத்தில் நடப்பதை யாரும் போய்ப் பார்க்க முடியாது என்பதால் இந்த விளக்கத்தைப் பொய்யென்று காட்டவும் முடியாது. அந்தக் குழுவிலிருந்து 1863-ல் அமைப்பானதுதான் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை. இன்று உலகம் முழுக்க 2 கோடிக்கும் மேல் உறுப்பினர்கள், பள்ளிகள், மருத்துவமனைகள். இரண்டாம் வருகையை இன்றும் எதிர்பார்க்கிறார்கள், ஆனால் தேதி குறிப்பதில்லை.

பெரும்பாலான பைபிள் ஆய்வாளர்கள் தானியேல் 8-ஐ வேறு விதமாகத்தான் படிக்கிறார்கள். கி.மு. 167-ல் அந்தியோகஸ் எபிபானஸ் என்ற கிரேக்க அரசர் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினார். கி.மு. 164-ல் யூதர்கள் அதை மீட்டுச் சுத்திகரித்தார்கள். அந்த ஆலயத்தைப் பற்றியதுதான் அந்த வசனம் என்பது இவர்கள் வாதம்.

பக்கத்து ஊரிலும் நடந்தது

தமிழ்நாட்டுக்குப் பக்கத்திலேயே, அன்றைய திருவிதாங்கூரிலும் இது நடந்தது. தமிழ் பிராமணக் குடும்பத்தில் ராமய்யனாகப் பிறந்து, கிறிஸ்தவராகி ஆங்கிலிக்கன் போதகரானவர் யுஸ்துஸ் யோசேப்பு. 1870-களில் அங்கே பரவிய எழுப்புதலில் அவர் முக்கியமானவர். அந்தக் கூட்டத்தில் ஒருவர் 1875-ல், ஆறு ஆண்டுகளில் கிறிஸ்து வருவார் என்று தீர்க்கதரிசனம் சொன்னார். 1881 அக்டோபர் 2 என்று நாளும் குறிக்கப்பட்டது. யோசேப்பு பழைய சபையை விட்டுத் தனிச் சபையே கண்டார். கெடு வைத்துக் காத்திருந்ததால் ஊரார் இவர்களுக்கு வைத்த பட்டப்பெயர் 'அஞ்சர வேதக்காரர்', அதாவது அஞ்சரை வருஷ வேதக்காரர்.

அந்த அக்டோபரும் கடந்து போனது. யோசேப்பு எழுதிய மலையாளக் கீர்த்தனைகளை மட்டும் கேரள ஆலயங்களில் இன்றும் பாடுகிறார்கள்.

தப்பு என்று ஒத்துக்கொண்டவர்கள் உண்டா?

உண்டு. அமெரிக்க வானொலிப் போதகர் ஹரோல்ட் கேம்ப்பிங் 2011 மே 21 என்று நாடு முழுக்க விளம்பரப் பலகை வைத்தார். நியூயார்க்கில் ஓய்வுபெற்ற ஒரு போக்குவரத்து ஊழியர் சுமார் 1,40,000 டாலர் சொந்தச் சேமிப்பைச் செலவழித்து அந்தத் தேதியை விளம்பரம் செய்தார். அன்று ஒன்றும் நடக்காததால் கேம்ப்பிங் அக்டோபர் 21 என்றார். அதுவும் போனது. 2012 மார்ச்சில், தேதி குறித்தது பாவம் என்று எழுதி மன்னிப்புக் கேட்டார். செலவழித்த பணம் யாருக்கும் திரும்பி வரவில்லை.

மில்லர் தன் கணக்கு தவறியதை ஒப்புக்கொண்டார். வருகை சீக்கிரம் என்ற நம்பிக்கையை மட்டும் விடவில்லை. பரலோக விசாரணை என்ற புது விளக்கத்தை அவர் ஏற்கவே இல்லை. பார்வை மங்கிய நிலையில் 1849 டிசம்பர் 20-ல் இறந்தார்.

லோ ஹாம்ப்டனில் அவர் வீடு இன்று நினைவில்லம். பெரும் ஏமாற்றத்துக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1848-ல், அவர் கட்டிய சிறிய ஆலயமும் அங்கே நிற்கிறது. அதன் பின்னால் இருக்கும் பாறைமேல்தான் அன்று ஊர்க்காரர்கள் கூடி நின்று காத்திருந்ததாகச் சொல்கிறார்கள்.