சார்கிட்ட சொல்லாத சங்கிலி

நகைக்கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றின் கிளையில் நான்கு வருஷம் கேஷியராக இருந்தேன். காலை ஒன்பதேகாலுக்கு மீட்டிங். முந்தின நாள் டார்கெட் முடிக்காதவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் மேனேஜர் கேட்பார்: "சம்பளம் வாங்கும்போது கை கூசலையா?" பெருக்க வரும் அக்கா, அது முடியும்வரை துடைப்பத்தோடு வாசலிலேயே நிற்பார்.

எங்கள் நகை மதிப்பீட்டாளருக்கு ஐம்பத்தைந்து வயது. ஒருநாள் மாலை என்னை லாக்கர் அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு நாள் முன்பு அடகுக்கு எடுத்த சங்கிலி. கொக்கியும் அதை ஒட்டிய நாலைந்து கண்ணிகளும் தங்கம். மீதியெல்லாம் செம்பில் முலாம். அன்று நல்ல கூட்டம். மேனேஜர் பின்னால் நின்று விரட்ட, கொக்கிப் பக்கம் மட்டும் உரைத்துப் பார்த்து எடுத்துவிட்டார்.

"சார்கிட்ட சொல்லிடலாமே" என்றேன்.

"சொன்னா நாளைக்கு எல்லார் முன்னாடியும் நிக்கவெச்சுக் கேப்பாரும்மா. இந்த வயசுல என்னால தாங்க முடியாது."

நானும் சொல்லவில்லை. அந்தச் சங்கிலியை அடகு வைத்த ஆள் அடுத்த வாரம் பக்கத்து ஊர்க் கிளையில் இன்னும் இரண்டு சங்கிலி வைத்துப் பணம் வாங்கிப் போனான்.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியைப் பற்றிப் படித்தபோது அந்த லாக்கர் அறைதான் நினைவுக்கு வந்தது. வாடிக்கையாளர் ஒருவருக்கு எட்டுக் கணக்கு, சேவைகளாவது விற்க வேண்டும் என்பது மேலிடத்தின் இலக்கு. நெருக்கடி தாங்காத ஊழியர்கள், வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம். அதற்குள் சுமார் 5,300 பேரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். முறைகேட்டை உள்ளே எடுத்துச் சொன்ன மேலாளர் ஒருவரும் வேலையிழந்திருந்தார். அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி 2017-இல் அந்நாட்டுத் தொழிலாளர் துறை உத்தரவிட்டது.

தவறைச் சொல்லப் பயப்படாத இடங்களும் உண்டு. இன்று ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் ஏமி எட்மன்ட்சன், 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறு கூடுதலாக நடக்கவில்லை, நடந்ததைப் பயமில்லாமல் சொன்னார்கள் என்பது அவருக்குப் பிறகுதான் விளங்கியது. எங்கள் கிளையின் தவறுப் பதிவேடு எப்போதும் சுத்தமாக இருந்தது. மேனேஜருக்கு அதில் பெருமை.

நாலு மாதம் கழித்து ஆடிட்டில் சங்கிலி சிக்கியது. மதிப்பீட்டாளரை மேனேஜர் நிற்கவைத்துத்தான் கேட்டார்: "ஏன்யா, அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

மேனேஜருக்கு நிஜமாகவே காரணம் தெரியவில்லை.