எழும்புவதற்கு முன் ஒரு நிமிடம்

திருவையாறு பக்கம் ஒரு வயலில் மருந்தடிக்க ட்ரோன் வந்திருந்தது. இயக்க வந்த இளைஞர் வரப்போரம் தார்ப்பாயை விரித்து, மடங்கியிருந்த ஆறு கைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். தொட்டியில் பத்து லிட்டர் மருந்துத் தண்ணீர் ஊற்றியாயிற்று, பேட்டரியும் சொருகியாயிற்று. ஆனாலும் காற்றாடிகள் சுழலவில்லை. ரிமோட்டின் திரையையே பார்த்தபடி நின்றார்.

"என்ன தம்பி, கிளப்பலையா?" என்றார் வயல்காரர்.

"சாட்டிலைட் பிடிக்கணும் பெரியப்பா. ஒம்பதுதான் வந்திருக்கு. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அந்தக் காத்திருப்பில் நடப்பது எனக்கு இன்றும் வியப்புதான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள், "இப்போது மணி இது" என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சேதி வயலுக்கு வந்துசேர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்குதான் ஆகும். எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்து ட்ரோன் தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் தான் நிற்கும் இடம் அதற்குத் தெரிந்துவிடும். கூடக் கூட உறுதி கூடும். கடிகாரக் கணக்கு ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரம் 300 மீட்டர் தவறிவிடும். உயரத்தை அறிய வேறொரு வழியும் உண்டு. எட்டரை மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு குறையும். அந்த மெல்லிய மாற்றத்தை உள்ளே இருக்கும் சின்னச் சில்லு உணர்ந்துவிடுகிறது.

ட்ரோன்களுக்கான அரசு விதிகள் பலமுறை மாறியதை, தான் நிற்கும் இடத்தை ட்ரோன் அறியும் இந்த அறிவோடு சேர்த்தே நான் பார்க்கிறேன். 2014 அக்டோபரில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரே அறிவிப்பில் பொதுமக்கள் ட்ரோன் பறக்கவிடுவதைத் தடை செய்தது. கல்யாண வீடுகளில் 'ஹெலிகேம்' என்ற பறக்கும் கேமரா பிரபலமாகிக்கொண்டிருந்த காலம் அது. எங்கே பறக்கிறது, யார் பறக்கவிடுகிறார் என்று அறிய வழியில்லாதபோது, "வேண்டாம்" என்பதுதான் எளிய பதில்.

2018 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிமுறை தடையை நீக்கியது; கூடவே ஓர் அழகான யோசனையைக் கொண்டுவந்தது: அனுமதி இல்லையேல் எழும்பாது. இயக்குபவர் 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தில் விண்ணப்பிப்பார். இடத்தின் எல்லை, நேரம் இரண்டையும் சொல்லும் சிறு கோப்பு, மின்கையெழுத்தோடு திரும்பி வரும். ட்ரோன் அந்தக் கையெழுத்து உண்மையானதா என்று தானே சோதிக்கும். தான் நிற்கும் இடமும் நேரமும் அதற்குள் அடங்குகின்றனவா என்று பார்க்கும். இல்லையென்றால் மோட்டார் அசையாது. சட்டத்தைக் காகிதத்தில் எழுதுவதற்குப் பதில் இயந்திரத்துக்குள்ளேயே எழுதிவைப்பது என்று இதைச் சொல்லலாம்.

யோசனை அழகு, நடைமுறை பாரம். 2021 மார்ச்சில் வந்த விதிகள் அந்தப் பாரத்தை இன்னும் ஏற்றின: 25 படிவங்கள், 72 வகைக் கட்டணங்கள். தொழில்செய்பவர்கள் திணறிப்போனார்கள். அரையாண்டு முடிவதற்குள், ஆகஸ்ட் 25 அன்று, புதிய ட்ரோன் விதிகள் அதைத் தூக்கிவிட்டு 5 படிவம், 4 கட்டணம் என்று சுருக்கின. 'அனுமதி இல்லையேல் எழும்பாது' என்ற பூட்டைப் பின்னொரு நாளைக்கு ஒத்திவைத்துவிட்டு, அதன் இடத்தில் ஒரு வரைபடத்தை வைத்தார்கள். வானம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிந்தது. பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். விமான நிலையத்துக்கு 8 முதல் 12 கிலோமீட்டர் தொலைவில் அது 200 அடியாகக் குறையும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியைக்கூட எட்டாத உயரம் அது.

அதென்ன 400? ஏறும்போதும் இறங்கும்போதும் தவிர, விமானங்கள் திறந்த வெளியின் மேல் பொதுவாக 500 அடிக்குக் கீழே வரக்கூடாது. இரண்டு வயலுக்கு நடுவே வரப்பு விடுவதுபோல, நடுவில் 100 அடி காலியாக விடப்பட்டிருக்கிறது.

ட்ரோன்களை எடைப்படி பிரிக்கும் கோடுகளுக்குப் பின்னாலும் கணக்கு உண்டு. 250 கிராம் வரை உள்ள ட்ரோன் 'நானோ'. அதை இயக்கச் சான்றிதழ் வேண்டாம். இந்த எண்ணுக்கான கணக்கை 2015இல் அமெரிக்காவில் அமைந்த ஒரு பணிக்குழு போட்டது. உயரத்திலிருந்து விழும் சிறு ட்ரோனைக் காற்று தடுக்கும். வேகம் நொடிக்கு 25 மீட்டர் அளவில் நின்றுவிடும். 250 கிராம் அந்த வேகத்தில் தலையில் விழுந்தால் மோதும் ஆற்றல் கிட்டத்தட்ட 80 ஜூல். அதற்கு மேல் போனால் உயிருக்கு ஆபத்து வேகமாகக் கூடும்.

வயலில் நிற்கும் இந்த ட்ரோன் தொட்டி நிறைந்தால் 25 கிலோவை நெருங்கும். வெறும் மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே 700 ஜூலுக்கு மேல். பெரியப்பாவைத் தள்ளி நிற்கச் சொன்னதற்குக் காரணம் அதுதான். அந்த இளைஞர் பயிற்சிப் பள்ளியில் படித்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டியதற்கும் அதுவே காரணம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், வயது 18 முதல் 65 வரை, ஒருமுறை வாங்கினால் பத்தாண்டு செல்லும். 2023 வரை இதற்குப் பாஸ்போர்ட் கேட்டார்கள். கிராமத்துப் பிள்ளைகள் எத்தனை பேரிடம் பாஸ்போர்ட் இருக்கும்? இப்போது வாக்காளர் அட்டையோ ரேஷன் அட்டையோ போதும். இத்தனை திருத்தங்களில் எனக்கு மிகப் பிடித்தது இந்தச் சின்னத் திருத்தம்தான்.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ட்ரோன்களுக்கென ஒரு சட்ட வரைவை வெளியிட்டது. அதில் சிறைத் தண்டனை வரை போகும் பிரிவுகள் இருக்கின்றன. எடைக்கும் உயரத்துக்கும் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்த்தவர்கள், தண்டனைக்கும் அதே நிதானத்தோடு பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

"பதினாலு வந்துடுச்சு பெரியப்பா."

ஆறு காற்றாடிகளும் ஒரே குரலில் இரைந்தன. கீழே தள்ளப்பட்ட காற்றில் நெற்பயிர் வட்டமாகச் சாய்ந்து, தாள்கள் புரண்டு அடிப்பக்கத்தைக் காட்டின. மருந்துத் துளிகள் அங்கேயும் போய் ஒட்டிக்கொண்டன. ஏழெட்டு நிமிடத்தில் ஒரு ஏக்கரை முடித்துவிட்டு, கிளம்பிய அதே தார்ப்பாயில் வந்து உட்கார்ந்தது.