வரி வாங்கும் ஷெரிஃப்

1881 அக்டோபர் 26. டூம்ஸ்டோன் ஊரின் முடிதிருத்தும் கடையில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார் ஜானி பீஹன். தெருவில் சண்டை மூளப்போகிறது என்ற சேதி அங்கேதான் அவர் காதில் விழுந்தது. சீக்கிரம் முடிக்கும்படி கடைக்காரரை அவசரப்படுத்தினார்.

டூம்ஸ்டோன் அடங்கிய, அரிசோனாவின் கொச்சீஸ் கவுன்ட்டிக்கு பீஹன்தான் முதல் ஷெரிஃப். அந்தப் பிப்ரவரியில்தான் பிமா கவுன்ட்டியிலிருந்து அது பிரிந்திருந்தது. அவரை நியமித்தவர் ஆளுநர் ஃப்ரீமான்ட்.

ஷெரிஃப் என்றதும் நமக்குக் குதிரையும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். திரைப்படங்கள் அப்படிப் பழக்கிவிட்டன. அந்தப் பதவியின் உயிர்நாடி வேறு: வரி வசூல். வசூலில் பத்தில் ஒரு பங்கு ஷெரிஃபுக்கு. வெள்ளிச் சுரங்கங்களும் ரயில் பாதையும் உள்ள கவுன்ட்டி அது. பதவியின் வருமானம் ஆண்டுக்கு 40,000 டாலர் தேறும் என்று ஊரில் பேச்சு. சுரங்கத் தொழிலாளிக்கு அப்போது தினக்கூலி 4 டாலர். அந்த நாற்காலிக்கு ஏன் அத்தனை போட்டி என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அதே ஊரில் இருந்த வயட் ஏர்ப்பும் அதில் கண் வைத்திருந்தார். அவரைத் துணை ஷெரிஃப் ஆக்குவதாகச் சொன்ன பீஹன், பதவி கைக்கு வந்ததும் வேறொருவரை அமர்த்திக்கொண்டார். இருவருக்கும் இடையே வளர்ந்த பகைக்கு அதுவும் ஒரு விதை.

மாட்டுத் திருடர்கள் நடமாடும் மலைப்பக்கம் வரி வாங்கப் போவது யார்? பீஹனின் உதவியாளர் பில்லி பிரேக்கன்ரிட்ஜ் நேராக அந்தத் திருடர்களில் ஒருவரான கர்லி பில்லிடமே போய்த் துணைக்கு வரச் சொன்னாராம். ஊர் மார்ஷல் ஃப்ரெட் வைட்டின் சாவுக்குக் காரணமான துப்பாக்கி இந்தக் கர்லி பில்லுடையதுதான். அவரும் கூடவே வந்தார், வரியும் வசூலானது. பிற்காலத்தில் பிரேக்கன்ரிட்ஜே எழுதிவைத்த செய்தி இது. திருடர்களோடு குலவினார் என்று பீஹனைப் பழிப்பவர்கள் பலர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கைவிரல் எண்ணிக்கையில் ஆட்களை வைத்துக்கொண்டு அந்தப் பரப்பைக் கட்டி ஆண்டவரை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

சவரம் முடிந்ததும் பீஹன் தன்னந்தனியாக, மாட்டுத் திருடர்களோடு தொடர்புடைய கிளான்டன், மக்லாரி கூட்டத்திடம் போனார். துப்பாக்கிகளைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். எதிர்த்தரப்பான வயட், அவருடைய சகோதரர்கள் ஆகியோரின் ஆயுதத்தையும் வாங்காதவரை தர முடியாது என்றார் ஃப்ராங்க் மக்லாரி. அதற்குள் ஏர்ப் சகோதரர்கள் மூவரும் வயட்டின் நண்பர் டாக் ஹாலிடேயும் தெருவில் வந்துகொண்டிருந்தார்கள். பீஹன் எதிரே போய்த் தடுத்துப் பார்த்தார். அவர்கள் நிற்கவில்லை, அவரைத் தாண்டி நடந்தார்கள்.

துப்பாக்கிச் சண்டை நீடித்தது சுமார் 30 நொடி. பில்லி கிளான்டன், டாம் மக்லாரி, ஃப்ராங்க் மக்லாரி மூவரின் உயிர் போனது. புகை அடங்கியதும் வயட்டைக் கைது செய்யப் போன ஷெரிஃபுக்கு அவர் இணங்கவில்லை.

நவம்பரில், அந்தச் சண்டை பற்றிய விசாரணையில் நீதிபதி வெல்ஸ் ஸ்பைசர் முன் பீஹன் சாட்சி சொல்ல ஏறினார். அந்தத் துணை ஷெரிஃப் பதவிப் பேச்சைப் பற்றியும் அவரை அங்கே கேட்டார்கள்.

(தொடரும்)