லேத் பட்டறையின் வெள்ளைத் தண்ணீர் எங்கே போகிறது?



கோவைப் பக்கம் ஒரு குழுக் கூட்டம். குழுக்கடன் வாங்கி வீட்டை ஒட்டி லேத் போட்டிருக்கும் அக்காவிடம் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்: "உங்க பட்டறைத் தண்ணி எங்க கெணத்துப் பக்கமே போகுதுங்க. மாடு மோந்து பாத்துட்டு ஒதுங்கிக்குது." அதற்கு அக்கா, "சோப்புத் தண்ணி மாதிரிதானுங்க, ஊத்துனா என்ன?" என்றார். இருவரும் ஒரே குழு. அந்தக் கேள்விக்கு இங்கே பதில் பார்ப்போம்.

அது என்ன தண்ணீர்?

இரும்பைக் கடையும்போது சூடு ஏறும். சூடு தணியவும் டூல் தேயாமல் இருக்கவும் கூலன்ட் விடுகிறார்கள். பொதுவாக 20 லிட்டர் தண்ணீருக்கு 1 லிட்டர் கூலன்ட் ஆயில். கலந்ததும் பால் மாதிரி வெளுத்துவிடும். எண்ணெய் எங்கும் போய்விடவில்லை, பொடித் துளிகளாகத் தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது. துரு பிடிக்காமலும் கிருமி வளராமலும் இருக்க ரசாயனங்களும் அதில் உண்டு. வேலை நடக்க நடக்க இரும்புத் தூளும் மெஷின் ஆயிலும் சேரும். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை பட்டறை நாறுவது, தேங்கிய கூலன்டில் கிருமி பெருகியதால்தான்.

கொட்டினால் என்ன ஆகும்?

ஓடையிலும் குளத்திலும் எண்ணெய் படலமாகப் படரும். தண்ணீரில் காற்று சேராது, மீன் சாகும். மண்ணில் கொட்டினால் ஊறி இறங்கிக் கிணற்றைக் கெடுக்கலாம். சில கட்டிங் ஆயிலில் சேர்க்கும் குளோரின் கலந்த பாரஃபின் எளிதில் மட்காது. அதில் ஒரு வகையை 2017-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை தடைப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு கணக்குப் போடுவோம். ஓடை, குளத்தில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது என்பது விதி. கூலன்ட் தண்ணீரில் லிட்டருக்கு 25 கிராம் எண்ணெய் என்று குறைத்தே வைப்போம். 20 லிட்டர் கொண்ட ஒரே ஒரு வாளியை அந்த அளவுக்கு இறக்க 50,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். நாலு லாரித் தண்ணீருக்கும் மேல்!

உடம்புக்கும் கேடு உண்டு. கையில் அரிப்பு, புண் வரும். புகையாகப் பறக்கும் துளியைச் சுவாசித்தால் இருமல், மூச்சிரைப்பு வரலாம்.

நாம் என்ன செய்யலாம்?

* மேலே மிதக்கும் எண்ணெயைத் தினமும் வழித்தெடுங்கள். இரும்புத் தூளை வடிகட்டுங்கள். கூலன்ட் அதிக நாள் உழைக்கும், செலவும் குறையும்.
* உப்புத் தண்ணீரில் கலக்காதீர்கள், சீக்கிரம் திரிந்துவிடும்.
* இரும்புச் சுருளை ஜல்லடைத் தட்டில் வடியவிட்ட பிறகே பழைய இரும்புக்குப் போடுங்கள்.
* பட்டறை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். குழந்தைகள் துணியோடு சேர்க்க வேண்டாம்.
* கெட்டுப்போன கூலன்டை மூடிபோட்ட டிரம்மில் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவர்களிடம் மட்டும் கொடுங்கள். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி 90 நாளுக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது.

"ஒரு வாளிக்காக யாருங்க வண்டி எடுத்துட்டு வருவாங்க?" என்று அக்கா கேட்டது நியாயம்தான். பட்டறையை மூடச் சொல்ல முடியாது, கடன் தவணையே அதில்தான் வருகிறது. ஆனால் நாலைந்து பட்டறை சேர்ந்து பேசி, ஒரே நாளில் வண்டி வரச் சொல்லலாமே! சிறுகச் சேர்ப்பது நமக்குப் புதிதா என்ன?

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் ஊரில் எத்தனை பட்டறை, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பேசித் தீர்மானம் எழுதுங்கள். கிணறு எல்லோருக்கும் பொது.

– கள ஒருங்கிணைப்பாளர்