கோன் இடிச்சா ரெண்டு செகண்ட்: ஆட்டோகிராஸ் சொல்லித்தர்ற டிரைவிங்

இன்னைக்கு எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். லைசென்ஸ் வாங்குற அன்னைக்கு நமக்கு என்னென்ன தெரியும்? வண்டியை நேரா ஓட்டத் தெரியும், கியர் மாத்தத் தெரியும், ரிவர்ஸ் எடுக்கத் தெரியும். பிரேக்கை முழு பலத்தோட மிதிச்சா நம்ம வண்டி எப்படி நடந்துக்கும்னு தெரியுமா? நிறைய பேருக்கு அது முதல் தடவை தெரிய வர்றதே ஒரு ஆபத்து நேரத்துலதான். 2022-ல் மட்டும் இந்தியச் சாலை விபத்துகள்ல இறந்தவங்க 1,68,491 பேர். மத்திய அரசோட கணக்கு இது.

அந்த அனுபவத்தை ஆபத்தில்லாத இடத்துல முன்கூட்டியே வாங்கிக்க ஒரு வழி இருக்கு. அதுதான் ஆட்டோகிராஸ். டெட்ராய்ட் பக்கம் வேலையில இருந்தப்ப ரெண்டு சீசன் ஓட்டினேன். அங்க கத்துக்கிட்டதைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

ஆட்டோகிராஸ்னா என்ன?

பெரிய காலி பார்க்கிங் இடம், இல்லன்னா பழைய விமான ஓடுதளம். அதுல ஆரஞ்சு கோன்களை வெச்சு வளைஞ்சு வளைஞ்சு ஒரு பாதை போடுவாங்க. ஒரு நேரத்துல ஒரு வண்டிதான் ஓடும், போட்டி கடிகாரத்தோட மட்டும். ஒரு ரவுண்டு ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். 1944-ல் தொடங்கின எஸ்.சி.சி.ஏ. அமைப்பு அமெரிக்காவில் இதை 'சோலோ'ங்கிற பேர்ல நடத்துது. கோன் ஒண்ணு சாய்ஞ்சா உங்க நேரத்தோட 2 செகண்ட் சேரும். தப்பு பண்ணினா போறது அந்த 2 செகண்ட் மட்டும்தான், உயிர் இல்ல.

தினமும் ஆபீஸுக்கு ஓட்டுற வண்டியே போதும். ஹெல்மெட் கட்டாயம். தண்ணி பாட்டில், மிதியடின்னு உள்ள உருளுற எல்லாத்தையும் எடுத்துடணும். வீல் நட், பிரேக் எல்லாம் செக் பண்ணுவாங்க. ஓட்டுறதுக்கு முன்னாடி பாதை முழுக்க நடந்தே பார்க்கணும். மத்தவங்க ஓட்டும்போது சாய்ஞ்ச கோனை நிமித்தி வைக்கிற வேலையும் நம்மளோடதுதான்.

முதல் பாடம்: கண்

கோனை இடிச்சுடக்கூடாதுன்னு அதையே பார்த்தா, கை வண்டியை அது மேலேயே கொண்டு போகும். போக வேண்டிய இடைவெளியைப் பார்க்கணும், அதுக்கு அடுத்ததையும் பார்க்கணும். ரோட்டுல குறுக்கே மாடு வந்தாலும் இதேதான். மாட்டைப் பார்க்காதீங்க, பக்கத்துல இருக்கிற காலி இடத்தைப் பாருங்க.

ரெண்டாவது: டயரோட சம்பளம்

ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுறது கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை அளவு இடத்துலதான். அந்தப் பிடிப்பை மாசச் சம்பளம் மாதிரி நினைச்சுக்கங்க. முழுசையும் பிரேக்குக்குச் செலவு பண்ணிட்டா, திரும்புறதுக்குக் கையில எதுவும் மிஞ்சாது. அதனாலதான் வளைவுக்கு முன்னாடியே, நேரான பாதையிலேயே வேகத்தைக் குறைக்கணும். திரும்பாம வண்டி நேரா வழுக்கிட்டுப் போனா, ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிக்கத் தோணும். அது பிரயோஜனப்படாது. வேகத்தைக் குறைச்சு, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினா பிடிப்பு திரும்ப வரும்.

மூணாவது: பிரேக்

ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பெடல் கடகடன்னு அதிரும். தெரியாதவங்க ஏதோ உடைஞ்சுடுச்சுன்னு பயந்து காலை எடுத்துடுவாங்க. எடுக்கவே கூடாது! அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஸ்டீயரிங்கைத் திருப்பலாம்.

இப்ப ஒரு கணக்கு. காய்ஞ்ச ரோட்டுல 60 கிலோமீட்டர் வேகத்துல வர்ற கார் முழு பிரேக் போட்டா சுமார் 20 மீட்டர்ல நிக்கும். 80-ல வந்தா 35 மீட்டர் ஆகும். முதல் கார் நின்ன அதே இடத்துல ரெண்டாவது கார் இன்னும் 50-க்கு மேல வேகத்துல போயிட்டிருக்கும். கூட்டினது 20 தானேன்னு நாம நினைக்கிறோம், இடிக்கும்போது அது 50-ஆ வந்து நிக்குது.

அப்போ இதைக் கத்துக்கிட்டா விபத்தே வராதா?

இங்கதான் கவனமா கேக்கணும். நார்வேயில 1979-ல் புது ஓட்டுநர்களுக்கு வழுக்குற பாதையில ஓட்டுற பயிற்சியைக் கட்டாயமாக்கினாங்க. அப்புறம் ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தா, இளம் ஆண்களோட விபத்து கூடியிருந்தது. திறமையை விட 'நான் சமாளிச்சுடுவேன்'ங்கிற நினைப்பு வேகமா வளர்ந்துடுது.

அதனால நான் இதை வேற மாதிரி பார்க்கிறேன். 50 கிலோமீட்டர் வேகத்துலேயே, எதிர்ல யாருமே இல்லாத இடத்துலேயே வண்டி கையை விட்டுப் போகும்னு ஆட்டோகிராஸ் காட்டிக் கொடுக்குது. லாரி, டூவீலர், ஸ்கூல் பசங்கன்னு எல்லாரும் இருக்கிற ஜி.எஸ்.டி. ரோட்டுல அந்த எல்லைக்குப் பக்கத்துலகூட போகக்கூடாது. நான் இப்ப சென்னையில முன்னாடி போற வண்டிக்கு அதிக இடைவெளி விட்டு ஓட்டுறேன். எனக்கு இது கொடுத்த பெரிய பரிசு அதுதான்.

இந்தியாவுலயும் ஆட்டோகிராஸ் நடக்குது, மண் தரையிலயும் ஓட்டுவாங்க. போறதா இருந்தா எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அனுமதி இருக்கான்னு கேட்டுட்டுப் போங்க. ராத்திரி ஈ.சி.ஆர்.ல நண்பர்களோட ரேஸ் விடுறதுக்குப் பேரு ஆட்டோகிராஸ் இல்ல.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். அதுவரைக்கும் சீட் பெல்ட் போடுங்க, பின் சீட்லயும்!