வைரஸுக்கே பெப்பே காட்டும் மரபணுக்கள்! தெரியுமா?

எய்ட்ஸ் வைரஸ் தொற்றவே தொற்றாத மனிதர் ஒருவர் நியூயார்க்கில் இருந்தார், தெரியுமா? ஸ்டீபன் கிரோன் என்ற ஓவியர்! 1982-ல் அவருடைய காதலர் எய்ட்ஸால் இறந்தார். அடுத்தடுத்து நண்பர்கள் பலரும் போய்ச் சேர்ந்தார்கள். இவருக்கு மட்டும் ஒன்றுமே ஆகவில்லை! தன்னைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி அவரே ஆய்வகத்துக்குப் போனார். அவருடைய வெள்ளை அணுக்களுக்குள் எச்.ஐ.வி.யைப் புகுத்த விஞ்ஞானிகள் முயன்றார்கள். ஊஹூம்! நுழையவே இல்லை!

காரணம் 1996-ல் தெரிந்தது. எச்.ஐ.வி. உள்ளே நுழையப் பயன்படுத்தும் கதவு, சி.சி.ஆர்.5 என்ற புரதம். அதைச் செய்யும் மரபணுவில் கிரோனுக்கு வெறும் 32 எழுத்துகள் குறைவு! மனித டி.என்.ஏ.வில் மொத்தம் 300 கோடி எழுத்துகள். அதில் 32 இல்லாமல் போனதால் உயிர் பிழைத்தார்! (குடல் நோய் ஒன்றுக்கு ‘கிரோன் நோய்’ என்று பெயர் இருக்கிறதே, அந்த டாக்டர் கிரோனின் பேரன் முறைதான் இவர்!)

வட ஐரோப்பியர்களில் 100-க்கு ஒருவருக்கு இந்தக் குறை அம்மா, அப்பா இருவர் வழியிலும் வந்துவிடுகிறது. இதைக் குறை என்பதா, கொடுப்பினை என்பதா?

இந்தக் கொடுப்பினையைக் கடன் வாங்க முடியுமா? வாங்கியிருக்கிறார்களே! பெர்லினில் வாழ்ந்த அமெரிக்கர் திமோத்தி ரே பிரவுனுக்கு எச்.ஐ.வி.யோடு ரத்தப் புற்றுநோயும் வந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றியே ஆக வேண்டும். டாக்டர் கெரோ ஹ்யூட்டருக்கு ஒரு யோசனை. எப்படியும் ஒருவரிடம் மஜ்ஜை வாங்கப்போகிறோம், அந்த 32 எழுத்து இல்லாதவராகப் பார்த்து வாங்கினால் என்ன? தேடிப் பிடித்தார். 2007-ல் ஒன்று, 2008-ல் ஒன்று என இரண்டு மாற்று சிகிச்சைகள். எச்.ஐ.வி. காணாமலே போனது! உலகில் முதன்முதலாகக் குணமானவர் அவர்தான். 2020-ல் அவர் இறந்தது திரும்பி வந்த புற்றுநோயால். எச்.ஐ.வி. கடைசி வரை தலைகாட்டவில்லை!

அப்படியானால் எல்லாரும் அந்தக் கதவை அடைத்துவிடலாமே? அவசரப்படாதீர்கள்! கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் வைரஸ் வந்தால் இந்தக் கதவு இல்லாதவர்களுக்குத்தான் நோய் முற்றும் ஆபத்து அதிகம்! இது தெரிந்திருந்தும் 2018-ல் சீன விஞ்ஞானி ஹெ ஜியான்குய், கருவிலேயே இந்த மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கச் செய்தார். கிடைத்த பரிசு? 3 ஆண்டு சிறை, 30 லட்சம் யுவான் அபராதம்!

சரி, கொரோனாவுக்கு வருவோம். சிலரை மட்டும் அது ஆஸ்பத்திரி வரை இழுத்துப் போனதில் நியாண்டர்தால் மனிதனுக்கும் பங்கு உண்டு, தெரியுமா? அந்த இனம் அழிந்து சுமார் 40,000 ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் நம் மூதாதையரோடு கலந்து, மூன்றாவது குரோமோசோமில் ஒரு துண்டை நமக்கு விட்டுப் போனது. அந்தத் துண்டு இருந்தால் கொரோனா முற்றும் ஆபத்து கூடுகிறது என்று 2020-ல் ஹியூகோ ஜீபெர்கும் ஸ்வான்டே பேபோவும் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பாவில் 16 விழுக்காட்டினரிடம் இருக்கிறது. கிழக்கு ஆசியாவில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தெற்காசியாவில்? பாதிப் பேரிடம்! வங்கதேசத்தில் 63 விழுக்காடு!

இவ்வளவு கெட்ட துண்டு ஏன் ஒழியாமல் நிற்கிறது? 2022-ல் ஜீபெர்க் சொன்னதைக் கேளுங்கள்: அதே துண்டு உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து 27 விழுக்காடு குறைவு! ஆனால் எச்.ஐ.வி. பரவியதே 20-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் இது வேறு எந்தக் கொள்ளைநோயிலிருந்து காப்பாற்றியதோ!

வயிற்றைப் புரட்டிப் போடும் நோரோ வைரஸ் தெரியுமா? சொகுசுக் கப்பலையே வாந்திக் கப்பலாக்கிவிடும்! ஆனால் ஐரோப்பியர்களில் ஐந்தில் ஒருவரை அதன் முக்கிய வகைகள் பெரும்பாலும் தொடுவதில்லை. அவர்களுக்கு எஃப்.யு.டி.2 என்ற மரபணு வேலை செய்யாது, அவ்வளவுதான்!

இதைவிட அபூர்வம் வேண்டுமா? பிள்ளைகளின் கன்னத்தை அறை வாங்கியது போலச் சிவக்க வைக்கும் பார்வோ பி19 வைரஸ், ‘பி’ (P) என்ற ரத்தப் பொருள் இல்லாதவர்களை ஒன்றுமே செய்யாது. அப்படிப்பட்டவர்கள் சுமார் 2 லட்சம் பேரில் ஒருவர்! ஆனால் அவர்களில் பெண்களுக்குத் திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஆகலாம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறது பாருங்கள்!

கொரோனா வந்ததே தெரியாமல் உலவியவர்கள்? எலும்பு மஜ்ஜை தானத்துக்குப் பெயர் கொடுத்திருந்த சுமார் 30,000 அமெரிக்கர்களை ஆராய்ந்து 2023-ல் விடை சொன்னார்கள். எச்.எல்.ஏ.-பி15:01 என்ற மரபணு வகை இரு பெற்றோரிடமிருந்தும் வந்திருந்தால், தொற்றினாலும் அறிகுறியே இல்லாமல் தப்பும் வாய்ப்பு 8 மடங்கு! எப்படி? பழைய சளி வைரஸ்களை எதிர்த்துப் பழகிய அணுக்கள், முன்பின் பார்த்திராத கொரோனாவையும் அடையாளம் கண்டு அடித்துவிட்டன! என்றோ வந்து போன சாதாரணச் சளி கொடுத்த பயிற்சி அது!